மாத்தி

— மூணாவது வரிய மட்டும் இன்னொரு தடவ படிங்க டிரசரண்ணே. மத்ததெல்லாம் எனக்கு வேணாம்.

— ரெண்டு தடவ படிச்சுட்டேனேம்மா.

— எனக்குக் காது மந்தம்னு வெச்சுக்கங்க. படிங்க.

— "அச்சமயம் காலஞ்சென்ற தியாகுவின் மனைவி திருமதி சந்திரமதி அலறிக்கொண்டு ஓடிவந்து, உடலின்மீது விழுந்து கட்டிக்கொண்டபடியால், நமது முதலுதவிப் படையினர் முறைப்படி நடத்திக்கொண்டிருந்த உயிர்காப்புப் பணி தடைப்பட்டது. அதனால் அன்னாரைக் காப்பாற்ற இயலாமற்போயிற்று."

— இயலாமற்போயிற்று. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வாத்தியார் பத்துக்குப் பத்து போடுவாரு.

— கோபப்படாம கேளும்மா, வரிசையா சொல்றேன். படைன்னு ஒண்ணு இருந்தா அறிக்கைன்னு ஒண்ணு இருக்கணும். ஞாயித்துக்கிழமை சங்கத்துல வாசிச்சு, பலகையில ஒட்டணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு மரியாதைக்கு வந்தேன். ரெண்டு மணிக்கு எனக்கு ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுக் கட்டற டிரசர் டூட்டி.

— மரியாதைக்கா, கையெழுத்துக்கா?

— ரெண்டுக்கும்தான். கீழ உன் பேரு எழுதியிருக்கேன் பாரு. "படிக்கக் கேட்டேன், சரியே"ன்னு ஒரு கையெழுத்து.

— போட்டா கோகிலா வீட்டுக்கு வந்துருவாளா?

— புள்ள எங்க?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட மாமியார் குருபோங்குக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. "எம்புள்ள மேல விழுந்து மூச்ச நிறுத்தினவகிட்ட எம்பேத்தி வளர வேணாம்"னு வாசல்ல நின்னு கத்தினாங்க. காஜா பெராங் தெரு பூரா கேட்டுச்சு, உங்க வீட்டுக்கு மட்டும் கேக்கலையா? இப்ப அதையே நீங்க சங்கத்து முத்திரை குத்தி ஒட்டப் போறீங்க. அதுக்கப்புறம் எனக்காக எவன் போய் பேசுவான்? நாலு வயசுப் புள்ளண்ணே. பள்ளிக்கூடம் போயி எழுத்துக்கூட்டக் கத்துக்கிட்டு அவளும் ஒரு நாள் அந்தப் பலகையப் படிப்பா.

— நடந்தத எழுதாம வேற என்னத்த எழுதச் சொல்ற?

— நடந்ததையே எழுதுங்க. ஆனா நடந்தத மொதல்ல எனக்குக் காட்டுங்க.

— காட்டறதா? எப்படி?

— அங்க பாயப் பாருங்க.

— யாரும்மா அது, போத்திக்கிட்டு... ஐயையோ. தலகாணிக்கு தியாகு சட்டைய மாட்டி வெச்சிருக்கியா? பாக்கவே சகிக்கல. எடுத்துரு.

— எனக்கு மட்டும் சகிக்குதா? அன்னைக்கி நான் ஜாலான் பெண்டஹாரா ரோட்டுக் கடையில, தச்ச ரவிக்கையெல்லாம் குடுத்துட்டு நிக்கறேன். "உம் புருஷனக் கரண்டு அடிச்சுருச்சு"ன்னு ஒருத்தன் சைக்கிள்ல வந்து சொன்னான். அங்கேருந்து ஓட்டம். செருப்பு எங்க போச்சுன்னு தெரியல. கூட்டத்த இடிச்சுக்கிட்டு உள்ள வந்தேன், அவரு மல்லாக்கக் கெடந்தாரு, விழுந்தேன். அப்புறம் கண்ணு இருட்டிப்போச்சு. என் நெஞ்சு அடிக்கிற சத்தம் மட்டும்தான் காதுல இருந்துச்சு. நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, யாரு எங்க உக்காந்திருந்தீங்க, எதையும் நான் பாக்கல. அதான் காட்டச் சொல்றேன். நான் விழுந்ததால நீங்க கை எடுத்தீங்களா, கை எடுத்த பின்னாடி நான் விழுந்தேனா? எனக்கு அது தெரிஞ்சாகணும்.

— அது ஒத்த ஆளு செய்ற வேல இல்லம்மா. மூணு பேரு வேணும்.

— தெரியும். பொன்னுதுரைய வரச் சொல்லியிருக்கேன்.

— தமிழ் வராத அந்தச் சிட்டிக்காரனையா! இங்க எதுக்கு அவன்?

— அமுக்கினது அவருதானே?

— அக்கா! போலே மாசுக்?

— உள்ள வா தம்பி. கதவு திறந்துதான் இருக்கு.

— டிரசர் இருக்கா... நான் பின்னால வர்றேன் லா.

— ஓடாத. உனக்கும் சேத்துத்தான் கோப்பி போட்டிருக்கேன். உக்காரு.

— மூணு வாரமா பயிற்சிப் பக்கம் தல காட்டாதவன் கோப்பி குடிக்க மட்டும் வந்துட்டான் பாரு.

— பயிற்சி வந்தா எல்லாரும் என் கைய பாக்குது டிரசர். "கை எடுத்தவன் வர்றான்" சொல்லுது. எனக்கு வெக்கம். நான் நிக்க முடியல.

— கேட்டியா சந்திரமதி? இவன் கை எடுத்தத அறிக்கையில ஒரு எழுத்துகூட எழுதல நான். தமிழ் வராத ஆள எதுக்குத் தமிழர் படையில சேக்கறன்னு நாலு பேரு என்னைக் கேட்டாங்க. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலு, நம்ம ஊருலேருந்து வந்த இந்தச் சிட்டிக்காரங்க பாட்டன் பூட்டன் கட்டினது. சாமி ஒண்ணு, பேசறது மட்டும்தானே மலாய் பாஷையாப் போச்சுன்னு சண்டை போட்டுச் சேத்தேன். குடோன்ல மூட்டை தூக்குற கை, நெஞ்சு அமுக்க இந்த மாதிரி கை கிடைக்காதுன்னு சொன்னேன். இன்னைக்கும் அவன் பேரக் காப்பாத்தித்தான் எழுதியிருக்கேன்.

— என் பேரப் போட்டு.

— அப்படி இல்லம்மா...

— எப்படியோ இருக்கட்டும். செஞ்சு காட்டுங்க.

— சரி. வரிசையா சொல்றேன். ஆகஸ்டு முப்பது, வியாழக்கிழமை, சாயங்காலம் நாலேகால். மறுநாள் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு வளைவு கட்டி, தியாகு அதுல கலர் லைட்டு மாட்டிக்கிட்டு இருந்தான். கரண்டு அடிச்சு ஏணியோட கீழ வந்தான். நாங்க ஊர்வலத்துக்காகத் திடல்ல பயிற்சி எடுத்துக்கிட்டு இருந்தோம். ஒரு நிமிஷத்துல வந்துட்டோம். காஞ்ச கட்டையால ஒயரத் தள்ளிவிட்டோம். மூச்சு இல்ல, நாடி இல்ல. முன்னெல்லாம் குப்புறப் போட்டு முதுக அமுக்கி, கைய இழுத்துத் தூக்குவோம். இது புது முறை. இந்த வருஷம்தான் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர் டாக்டர் ஒருத்தர்...

— பாடம் அப்புறம். யாரு எங்க உக்காந்தீங்க?

— நான் தலமாட்டுல. தலைய இப்படிப் பின்னால சாய்ச்சு, மூக்கப் புடிச்சு வாயில ஊதறது என் வேல. எண்ணிக்கையும் என்னுது. பொன்னுதுரை இந்தப் பக்கம் மண்டி போட்டு அமுக்கறான். மூணாவது ஆளு அப்துல் கய்யூம் அவனுக்கு எதிர்ல.

— கய்யூம் பாய் எடத்துல நான் உக்காந்துக்கறேன். அவருக்கு என்ன வேல?

— காத்திருக்கிற வேல. சும்மா உக்காந்திருக்கான்னு பாக்கறவங்க நெனப்பாங்க. அவன் இல்லாட்டி எல்லாம் வீண். அமுக்கறவன் அசந்துட்டா அமுக்கு ஆழமா எறங்காது. அசந்தது அவனுக்கே தெரியாது, வீராப்பா அமுக்கிக்கிட்டே இருப்பான். அதனால இருபது சுத்துக்கு ஒருக்கா ஆளு மாறணும். ஒரு சுத்துன்னா அஞ்சு அமுக்கு, ஒரு ஊது. நீ கைய நெஞ்சுக்கு மேல தயாரா வெச்சிரு. நான் குரல் குடுத்ததும் அவன் கை எழுந்துக்க, உன் கை எறங்கணும். நடுவுல ஒரு எண்ணுக்கு மேல நெஞ்சு சும்மா இருக்கக் கூடாது. சும்மா இருந்தா, அதுவரைக்கும் தள்ளின ரத்தம் அப்படியே நின்னுபோயிரும்.

— ம். ஆரம்பி தம்பி.

— சத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா...

— இப்ப நான் ஊதறேன். முழங்கைய மடக்காதடா. தோளு கைக்கு நேர் மேல வரணும். அமுக்கின அளவுக்கு விடணும், கைய மட்டும் எடுக்காத. ஆங், அப்படி.

— இவரு மலாயில எண்ணுறாரு?

— எண்ணறது எந்த பாஷையா இருந்தா என்னம்மா. தாளம் தப்பல, அதனால விட்டுட்டேன்.

— அன்னைக்கும் இப்படித்தான் அமுக்கினாரா?

— இதைவிட நல்லா. அத நான் மறுக்கவே மாட்டேன். பத்தாவது சுத்துலேயே தியாகுவோட உதட்டுல நீலம் கொறைஞ்சுது. கன்னத்துல ரத்தம் தெரிஞ்சுது. கய்யூம் என்னைப் பாத்து கண்ணக் காட்டினான். பதினெட்டு. ஊது.

— லீமா...

— பத்தொம்பது. இப்ப தயாராயிரு சந்திரமதி. இருபது. சேஞ்ச்!

— ஆங். வந்துருச்சு. என் கை எறங்கிருச்சு. இவ்ளோதானா?

— இவ்ளோதான். பாத்தியா, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள மாறியாச்சு.

— நல்லா மாறுதே. அப்ப அன்னைக்கி என்ன ஆச்சு?

— அன்னைக்கி... கூட்டம், பதட்டம்...

— அக்கா. அன்னைக்கி டிரசர் சேஞ்ச் சொல்லல.

— நீ சும்மா இருடா.

— சேஞ்ச் சொன்னா நான் தூக்கத்துல கூட மாறுவேன் லா. ஆறு மாசம் செஞ்சேன். அன்னைக்கி அவரு சேஞ்ச் சொல்லவே இல்ல.

— அப்ப வேற என்ன சொன்னீங்கண்ணே? அதையே சொல்லுங்க. திரும்ப மொதல்லேருந்து.

— எதுக்கும்மா, கை வலிக்கும் அவனுக்கு...

— மூட்டை தூக்குற கைன்னு இப்பத்தானே சொன்னீங்க. கடைசி சுத்து மட்டும் போதும். அன்னைக்கி எப்படிக் கத்தினீங்களோ அப்படியே கத்துங்க. தம்பி, நீயும் அன்னைக்கி செஞ்சத அப்படியே செய்யணும். கூடவும் வேணாம் கொறையவும் வேணாம்.

— பாய்க், சரி அக்கா. சத்து, டுவா, தீகா, எம்பாட், லீமா.

— சொல்லுங்கண்ணே.

— இருபது. மாத்தி.

— இப்படி மொணமொணன்னா கத்தினீங்க?

— மாத்தி! மாத்தி!

— தம்பி! ஏன் எழுந்திரிச்சுட்ட? தொப்பிய ஏன் கழட்டற?

— நீங்க சொன்னீங்க, அன்னைக்கி மாதிரி. அன்னைக்கி நான் இப்படித்தான் நின்னேன். பாய் கை எறக்க வந்தாரு, நான் நிக்கறது பாத்து "ஏன்?" கேட்டாரு. நான் "சுடா மாத்தி" சொன்னேன். பாய் ரெண்டு கையும் இழுத்துக்கிட்டு, செத்தவங்களுக்கு சொல்ற "இன்னா லில்லாஹி" ஓதினாரு. எல்லாரும் தொப்பி கழட்டினாங்க. அப்புறம்தான் நீங்க வந்தீங்க அக்கா.

— அப்புறமா? நல்லா ஞாபகம் இருக்கா உனக்கு?

— அப்புறம். என் கால இடிச்சுக்கிட்டு விழுந்தீங்க. நான் நின்னுக்கிட்டு இருந்தேன் லா.

— அண்ணே, சரியா?

— நான் ஊதக் குனிஞ்சிருந்தேன்மா. நிமிர்ந்து பாக்கறேன், கய்யூம் ஓதறான், நீ மேல கெடக்குற. எல்லாம் ஒரே நேரம் மாதிரிதான்...

— மாதிரி வேணாம். முன்னாடியா பின்னாடியா?

— கை எடுத்ததுதான் முன்னாடி.

— அது ஒண்ணு ஆச்சு. இப்ப நீ சொல்லு தம்பி, அவரு செத்துட்டாருன்னு உனக்கு யாரு சொன்னா?

— டிரசர்.

— நான் அப்படிச் சொல்லலடா.

— பெத்துல் லா டிரசர், நெஜமா நீங்கதான் கத்தினீங்க. இப்பவும் கத்தினீங்க. மாத்தி, மாத்தி, ரெண்டு தடவ. நான் நெனச்சேன், டிரசர் ஆஸ்பத்திரி ஆளு, மொகம் பக்கத்துல அவருதான் இருக்காரு, அவரு மாத்தி சொன்னா மாத்திதான். செத்தவங்க நெஞ்சுல அமுக்கறது பாவம். அதான் எழுந்து நின்னு தொப்பி எடுத்தேன்.

— அட கடவுளே. மலாயில மாத்தின்னா செத்துப்போச்சு, சுடா மாத்தின்னா செத்தே போயாச்சு. பசார்ல செத்த மீன "இக்கான் மாத்தி"ன்னுதானே நானே சொல்லி வெல பேசறேன். உங்க வாயில இந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சுண்ணே?

— நல்ல எண்ணத்துலதான்மா வந்துச்சு. ஊர்வலத்துல பெரிய மனுஷங்க முன்னால செஞ்சு காட்டறதா இருந்தோம். மெர்டேக்கா கெடைச்சு அஞ்சு வருஷம் ஆகுது, இன்னும் சேஞ்ச் சேஞ்ச்னு வெள்ளைக்காரன் வார்த்தையில கத்தினா கேவலமா இல்லையா? தமிழர் முதலுதவிப் படைன்னு பேரு வெச்சுக்கிட்டு! "மாற்றிப் பிடி"ன்னு சுத்தமான தமிழ்ல ஒரு கட்டளை வெச்சேன். அவசரத்துல கத்தறப்ப அது மாத்தின்னு குறுகிப்போச்சு.

— டிரசர்ங்கறது சுத்தமான தமிழாண்ணே?

— குத்திக் காட்டாதம்மா.

— எப்பலேருந்து அந்தக் கட்டளை?

— அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பயிற்சியில சொன்னேன். இருபத்தாறாம் தேதி.

— அந்த ஞாயிறு நான் வரல. கப்பல் சாமான் எறங்குச்சு, குடோன் மொதலாளி தவுக்கே லீவு குடுக்கல.

— வராதவனுக்காகத்தானடா பலகையில எழுதிப் போட்டேன்! முத்து முத்தா எழுதினேன். "இனி சேஞ்ச் என்பது கிடையாது. மாற்றி என்பதே கட்டளை. அனைவரும் கவனிக்க."

— பாத்தேன் டிரசர். புதன்கிழமை போயி பாத்தேன். எழுத்து ரொம்ப அழகு.

— உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா தம்பி?

— என் பேரு மட்டும் தெரியும் அக்கா. என் பேரு அதுல இல்ல, அதான் வந்துட்டேன்.

— கேட்டீங்களா டிரசரண்ணே?

— கேட்டேன்.

— உங்களுக்கு இது இன்னைக்கித்தான் தெரியுமா? இப்ப காட்டறப்ப மொதல்ல ஏன் சேஞ்ச்னு கத்தினீங்க? இந்த வார்த்தைய வெளிய எடுக்கறதுக்கு ஏன் அவ்ளோ கஷ்டப்பட்டீங்க?

— சுடுகாட்டுல வெச்சே தெரிஞ்சுருச்சும்மா. கய்யூம் வாசல் வரைக்கும் வந்தான். "இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாமே, அதுக்குள்ள மாத்தின்னு பொன்னுதுரைகிட்ட சொல்லிட்டியே"ன்னான். நான் எங்கடா சொன்னேன்னு கேக்க வாயெடுத்தேன். அப்பத்தான் நான் கத்தின கட்டளை ஞாபகம் வந்துச்சு.

— தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் அந்த மூணாவது வரிய எழுதினீங்க.

— வேற என்ன செய்யச் சொல்ற என்னை? இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில வேல பாக்கறவன் ஒரு வார்த்தையால ஒரு ஆளக் கொன்னான்னு நானே எழுதி ஒட்டவா? படையக் கலைச்சுருவாங்க. சிட்டிக்காரனாலதான் தியாகு செத்தான்னு இவன் வீட்டுல கல்லு விழும். வரிசையா எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்தேன். புருஷன் மேல விழுந்து அழுதவள யாரு குத்தம் சொல்லப் போறாங்க, உன் பேரு இருந்தா யாருக்கும் நஷ்டம் இல்லைன்னு நெனச்சேன்.

— யாருக்கும் நஷ்டம் இல்ல. புள்ளைய மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

— அது நான் எதிர்பாக்கலம்மா.

— டிரசர், என் பேரு எழுதுங்க. பொன்னுதுரைக்குத் தமிழ் தெரியல, கை எடுத்துட்டான், எழுதுங்க. கல்லு வந்தா வரட்டும் லா. பாப்பா அம்மாகிட்ட வரணும்.

— உன் பேர எழுதினா அது இன்னொரு பொய்யாயிரும்டா. பேனா குடு சந்திரமதி. மூணாவது வரிய அடிச்சுடறேன்.

— அடிச்சா போதாது. அந்த எடத்துல எழுதணும்.

— எழுதறேன். "படைத்தலைவர் கலியாணசுந்தரமாகிய நான் பிறப்பித்த கட்டளைச் சொல் பிழையானபடியால், உயிர்காப்புப் பணி நின்றுபோயிற்று. அது நின்ற பின்னரே மனைவி அவ்விடம் வந்து சேர்ந்தார். அன்னார்மீது எவ்விதக் குற்றமும் இல்லை." போதுமா?

— கீழ உங்க கையெழுத்து. தம்பி, நீயும் போடு. உன் பேருதான் எழுதத் தெரியுமே.

— போட்டாச்சு அக்கா. "ன்னு"வுக்கு ஒரு சுழி கொறைஞ்சிருக்கும், பரவால்ல.

— இத நானே குருபோங்குக்குக் கொண்டுபோயி உன் மாமியாருக்குப் படிச்சுக் காட்டறேன். இன்னைக்கி டூட்டிக்குப் போகல. சாயங்காலத்துக்குள்ள கோகிலா உன் கையில இருப்பா. என்னை நீ என்ன திட்டினாலும் தகும். ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கம்மா; ஆறுதலுக்குச் சொல்லல, வேல தெரிஞ்சவனாச் சொல்றேன். ரத்தம் ஓடினது நாங்க அமுக்கினதால. நெஞ்சு தானா அடிக்க ஆரம்பிக்கல. கை எடுத்திருக்காட்டியும் அவன் பொழைச்சிருக்க மாட்டான்.

— தானா அடிக்கலைன்னு யாரு பாத்தா? கை எடுத்த பின்னாடி நாடியப் புடிச்சீங்களா?

— எங்க புடிக்கறது, நீதான் மேல கெடந்தியே. நெஞ்சோட நெஞ்சா அப்படி ஒரு புடி. நாலு பொம்பளைங்க இழுத்து, உன்னப் பிரிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. அப்புறம்தான் பாத்தேன். ஒண்ணுமில்ல.

— அந்த அஞ்சு நிமிஷமும் என் காது அவரு நெஞ்சுமேலதான் இருந்துச்சு. திம்... திம்னு ஒரு சத்தம். உள்ள வர்றப்பவே கூட்டத்துல செத்துட்டாருன்னு பேசிக்கிட்டாங்க. அப்ப அது என் நெஞ்சாத்தானே இருக்கணும்னு நெனச்சேன். அவரு போயிட்டாரு, இந்தப் பாவி நெஞ்சு மட்டும் அடிக்குதேன்னு இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டேன்.

— உன் நெஞ்சுதாம்மா. சந்தேகமே வேணாம்.

— ஜாலான் பெண்டஹாராலேருந்து ஓடி வந்தவளுக்கு நெஞ்சு எப்படிண்ணே அடிக்கும்?

— எப்படி அடிக்கும்... படபடன்னு, எண்ண முடியாத வேகத்துல அடிக்கும். ஏன் கேக்கற?

— அன்னைக்கி என் காதுல விழுந்த சத்தம் மெதுவா இருந்துச்சுண்ணே.